வசந்தம் இல்லாத ஊரில் ஈஸ்டர் பூக்கள்

ஈஸ்டர் நெருங்கினால் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து அட்டைகள் வரிசையாக வரும். துலிப், டாஃபடில், செர்ரி மலர், பனி உருகி நனைந்த புல்வெளி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாம் இருப்பது சிங்கப்பூரில், பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே. இங்கே உறைபனியும் கிடையாது, வசந்தமும் கிடையாது. உயிர்த்தெழுந்த காலையையும் பூக்கள் மலர்வதையும் சேர்த்துச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்கும்போது, இது நம் ஊரில் நடக்கிற விஷயம் இல்லையே என்று எனக்குத் தோன்றும்.

என் மாமியார் நோயில் விழுந்த பிறகு, அவரோடு சேர்ந்து ஒரு மரத்தைத் தினமும் பார்த்ததில் அந்த எண்ணம் மாறியது. வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராமல் தவிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எங்களுக்குக் கைகொடுத்த சின்னச் சின்ன வழிகளையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

அத்தைக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு நாசரேத். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டில் பார்க்க முடியாது. தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போய்விடுவார். ஞாயிறு ஆராதனைக்குப் பலிபீடத்தில் பூ அடுக்குவது அவர் பொறுப்பு. பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு நாலைந்து சொற்களில் நின்றுபோனது. நான் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போவார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அரைக்க வேண்டிய கஞ்சி, கொடுக்க வேண்டிய மாத்திரை, துவைக்க வேண்டிய விரிப்பு. வசனத்தை நான் சந்தேகப்படவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. உடம்பு களைத்துக் கிடக்கும்போது "நன்றி சொல்" என்று கேட்டால், செய்ய வேண்டிய வேலைகளில் இன்னொன்று கூடியதாகத்தான் மனம் எடுத்துக்கொள்கிறது.

காலை வெயில் உடம்பில் படட்டும் என்று பிசியோ சொன்னதால், தினமும் அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மின்தூக்கியில் கீழே கூட்டிப்போவேன். ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் நடுவில் ஒரு டிரம்பெட் மரம் இருக்கிறது. பலரும் 'சிங்கப்பூர் சகுரா' என்று சொல்வது இதைத்தான். ஜப்பானின் செர்ரி மரமான சகுராவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கப் பக்கம். அது பிப்ரவரி மாதம். சாம்பல் புதன் முடிந்து, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து தொடங்கியிருந்தது. மரத்தில் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. அத்தை இடது கையை நீட்டி மரத்தைக் காட்டினார். அவ்வளவுதான். மறுநாளும் காட்டினார். சரி, இவர் பார்க்கிறார், நானும் பார்ப்போம் என்று நின்றேன்.

அப்போதுதான் இந்த ஊரின் காலக்கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது. டிசம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ஜனவரி கடைசியில் அது ஓய்ந்து, மார்ச் முதல் பகுதி வரை காய்கிறது. வழக்கமாக ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரிதான். புல்வெளிகள் பழுப்பாகிவிடும், காற்றில் தூசி பறக்கும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடி மழை வருகிறது. நீண்ட வறட்சிக்குப் பிறகு கனமழை விழுந்தால் டிரம்பெட் மரங்கள் ஊர் முழுக்க ஒன்றாகப் பூக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரிலும் இன்னொரு முறை பூப்பதுண்டு.

இப்போது சபை நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. லெந்து காலத்தின் பெரும்பகுதி நம் வறட்சியில் விழுகிறது, ஈஸ்டர் மழைக்குப் பிந்திய பூக்காலத்தை ஒட்டி வருகிறது. வடதேசத்துப் பனிக்கும் வசந்தத்துக்கும் பொருந்திய அதே நாட்காட்டி, பனியே பார்க்காத இந்தத் தீவின் வறட்சிக்கும் மழைக்கும் பொருந்துகிறது. இதைக் கண்டுகொண்ட அன்று என் மனம் நிறைந்துபோனது. நம்மையும் நினைத்துத்தான் ஆண்டவர் இதை வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. சில நாள் கழித்துக் கீழே போனபோது, இலையே இல்லாத கிளை நுனிகளில் இளஞ்சிவப்புக் கொத்துகள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவின் இதழும் கசங்கிய டிஷ்யூத் தாளைப் போல அத்தனை மெலிதாக இருந்தது. அத்தை அழுதார். நானும் அழுதேன். "காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்று இயேசு சொன்னது, என்ன உண்போம், என்ன உடுப்போம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த சாதாரண ஜனங்களிடம். அவர்களை முதலில் நன்றி சொல்லும்படி அவர் கேட்கவில்லை, பார்க்கச் சொன்னார். வசனத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற என் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. பார்ப்பதற்கு எனக்குத் தெம்பு இருந்தது. நன்றி தானாகப் பின்னால் வந்தது.

இதைச் செய்துபார்க்க விரும்பினால், நீங்கள் தினமும் எப்படியும் கடந்துபோகிற வழியில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்காகத் தனியாகப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். சாம்பல் புதனில் தொடங்குங்கள். இலை கொட்டுகிறதா, மொட்டு தெரிகிறதா, யார் அதன் கீழே நிற்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். கைப்பேசியில் படம் எடுப்பதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எடுத்த பிறகு கண் மரத்தை விட்டுத் திரைக்குப் போய்விடுகிறது.

அப்புறம், கொட்டிய பூக்களைப் பெருக்குபவரையும் பாருங்கள். ஊர் முழுக்கப் பூத்துவிட்டது என்று எல்லாரும் கொண்டாடும் நாட்களில் அவருக்கு வேலை இரண்டு மடங்கு. எங்கள் புளோக்கில் பெருக்குபவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. அத்தைக்காக மரத்தடியில் கொஞ்சம் பூவைப் பெருக்காமல் விட்டுவைத்து, "ஆத்தா பாத்துட்டுப் போகட்டும்க்கா, அப்புறமா கூட்டிக்கிறேன்" என்றார். இந்தத் தீவைத் தோட்டமாக வைத்திருப்பது அவரைப் போன்றவர்களின் கைகள். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு அவரைக் கடந்துபோக என்னால் இனி முடியாது. காலையில் ஒரு கோப்பியும் இரண்டு வார்த்தையும் என்று ஆரம்பித்தோம், இன்றைக்கும் தொடர்கிறது.

வீட்டில் நாங்கள் செய்வது இன்னும் எளிது. சமையலறையில் தினவசன நாட்காட்டி தொங்குகிறது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு ஒரு வரி எழுதுவேன். பொதுவாக "எல்லா நன்மைக்கும் நன்றி" என்று எழுதுவதில்லை. அப்படி எழுதினால் மனம் எதையும் தொடுவதில்லை. "பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பாண்டான் இலை கொண்டுவந்தார்." "அத்தை கஞ்சியை முழுதும் சாப்பிட்டார்." "பள்ளிச் சீருடைப் பையன் மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான்." இப்படி. எழுத ஒன்றுமே இல்லாத நாளில் தாளை வெறுமையாக விட்டுவிடுவேன். அந்த வெற்றுத் தாள்களையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஆண்டவரிடம் பொய் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "மரம் காய்ந்ததால்தான் பூத்தது, உங்கள் கஷ்டமும் அப்படித்தான் பூக்கும்" என்று நோயாளி இருக்கும் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அத்தையின் வலது கை திரும்பி வரவில்லை. டிரம்பெட் மரத்தில் நான் கண்டது துன்பத்துக்கான விளக்கம் அல்ல. வறண்ட நாட்களிலும் எங்களோடு ஒருவர் இருக்கிறார் என்பதற்கான அடையாளம், அவ்வளவே. அதுவே எங்களுக்குப் பெரிது.

ஈஸ்டர் முடிந்த பிறகும் பார்க்கும் பழக்கம் போகவில்லை. பழைய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் என்ற செடி ஒட்டி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற நாட்களில் வெறும் தண்டும் இலையுமாகக் கண்ணில் படாமல் இருக்கும். கனமழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், ஏறக்குறைய ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்து மணக்கும். மறுநாள் வாடிவிடும். பெரிய மழை பெய்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டு ஒன்பது எண்ணுங்கள். ஒரு நாள் முன்னே பின்னே போகலாம், அதனால் எட்டாம் நாளிலிருந்தே தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நடங்கள். "புல் உலர்ந்து பூ உதிரும், நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்ற ஏசாயா வசனத்தை அந்த மரத்தடியில் நின்று சொல்லிப் பார்த்தோம். ஒரே நாள் இருக்கிற பூவுக்காகவும் இவ்வளவு ஏற்பாடா என்று அத்தையின் முகத்தில் ஒரு வியப்பு இருந்தது. எனக்கும்தான்.

சக்கர நாற்காலியோடு வெளியே போக முடிந்தவர்களுக்கு முதலில் பூமலை என்று நாம் சொல்லும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்குத்தான் கட்டணம். மற்ற இடங்களுக்கு இலவசம். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும் என்பதால் வெயில் ஏறும் முன் போய்த் திரும்பலாம். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அத்தைக்குப் பிடித்த விளையாட்டு. மே, ஜூன் வாக்கில் தெம்புசு பூக்கும்போது பொழுது சாயும் நேரத்தில் அதன் மணம் தெருவெங்கும் இருக்கும். நினைவாற்றல் குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் என்றே அமைத்த சிகிச்சைத் தோட்டம் 2016-இல் ஹார்ட்பார்க் என்ற பூங்காவில் முதலில் வந்தது, பிறகு வேறு பூங்காக்களிலும் வந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொட்டு, முகர்ந்து பார்க்கும் உயரத்தில் செடிகள் இருக்கும். கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை தி பே) மலர்க் கூடத்துக்கும் ஒரு முறை போனோம். உண்மையான செர்ரி மலர்கள் அங்கே பூத்திருந்தன. ஆனால் அத்தை நெடுநேரம் நின்றது பழைய ஒலிவ மரங்களிடம், கெத்செமனேயை நினைத்திருப்பார். உள்ளே குளிரும், சால்வை கொண்டுபோங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் ஹில் ஸ்திரீட்டில் இருக்கிற ஆர்மீனிய தேவாலயம். 1835-இல் கட்டியது, சிங்கப்பூரில் இருக்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. அதன் தோட்டத்தில் ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லறைக் கல் இருக்கிறது. தஞ்சோங் பகாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆர்க்கிட் வகைகளைச் சேர்த்துப் புதிய ஒன்றை உருவாக்கிய பெண். அந்தப் பூவைப் பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1893-இல் உலகுக்கு அறிவித்தார். 1899-இல் மலர்க் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஆக்னஸ் நோயில் இறந்துபோனார். வாண்டா மிஸ் ஜோக்கிம் நம் தேசிய மலரானது 1981-இல். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு ஒரு நாடு தன் பூவைத் தலையில் சூடிக்கொள்ளும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவே தெரியாது. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் எழுதியதை நான் இதற்கு முன் போதகர்களுக்கான வசனம் என்று மட்டுமே கேட்டிருந்தேன். அந்தக் கல்லின் முன்னால், ஆலயத்தில் இத்தனை காலம் பூ அடுக்கிய ஒரு பெண்ணின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அது தோட்டம் போடும் பெண்களுக்கும் எழுதப்பட்டது என்று பட்டது. நகர மண்டப எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

வீட்டிலேயே செடி வைக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அடுக்குமாடி வீடுகளின் பொதுத் தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் இடம் விட்டாக வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கக் கூடாது. தூக்குப்படுக்கை வருகிற நாள் யாருக்கும் வரலாம், அதனால் வழி விடுவதை நான் விதியாகப் பார்ப்பதில்லை, அண்டை வீட்டார்மேல் உள்ள அன்பாகப் பார்க்கிறேன். உங்கள் தாழ்வாரத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு வாரம் பார்த்த பிறகு செடி வாங்குங்கள். அரை நாள் வெயில் இருந்தால் மல்லிகை பூக்கும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட வேண்டும்; புதுத் தளிரில்தான் அடுத்த மொட்டு வரும். இலையாகவே அடர்ந்து பூ வராவிட்டால் உரம் அதிகம் என்று அர்த்தமாக இருக்கலாம், கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். காகிதப்பூவுக்கு மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். மேம்பாலங்களின் ஓரத்தில் அது அப்படிப் பூத்துக் குலுங்குவதற்குக் கொளுத்தும் வெயிலும் காய்ந்த மண்ணும்தான் காரணம். வெயிலே வராத இடத்தில் மல்லிகையை வாடவிட வேண்டாம், பீஸ் லில்லி நிழலிலும் பூக்கும். குழந்தைகளோ பூனையோ இருந்தால் அதன் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெங்கிக் கொசுவை மறக்கவே கூடாது. தொட்டிக்குக் கீழே தட்டு வேண்டாம், இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் இறுகினால் அதன்மேலேயே நீர் தேங்கிக் கொசு முட்டையிடும், அடிக்கடி கிளறிவிடுங்கள். ஜாடிப் பூக்களின் தண்ணீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

ஒரு கை மட்டும் இயங்குகிறவர்களுக்குத் தொட்டியைத் தரையில் வைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை தொடும் உயரத்தில் வையுங்கள். எளிதில் சாயாத கனமான தொட்டியாக இருக்கட்டும். வாடிய பூவைக் கிள்ளி எடுப்பதுதான் அத்தைக்கு முதலில் வாய்த்த வேலை. இடது கை விரல்களுக்கு அது நல்ல பயிற்சி என்று பிசியோவும் சொன்னார். அதைவிட முக்கியம், படுக்கையில் விழுந்த நாள் முதல் எல்லாரும் அவருக்குச் செய்துகொண்டிருந்தோம். செடிக்கு அவர் செய்தார். முகம் மாறியது.

போன ஆண்டு பிப்ரவரியில் அடிக்கடி மழை. எங்கள் மரம் இலை கொட்டவேயில்லை, பெரிய வெள்ளி வந்தபோதும் பச்சையாகவே நின்றது. அத்தை தினமும் பார்த்தார், கையை விரித்தார். அன்று இரவு அவருக்கு ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தேன்: "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்…" என்று தொடங்கி "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று முடிகிற இடம். கடைசி வரியை அத்தையும் உதட்டை அசைத்துச் சொன்னார். பூவே இல்லாத ஈஸ்டருக்கும் வேதத்தில் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மறுநாள் சனிக்கிழமை. பூ அடுக்கும் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அத்தையைக் கூட்டிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். தாழ்வாரத்து மல்லிகையைப் பறித்துக்கொண்டு போனோம். இரண்டு பேர் ஜாடியைப் பிடித்துக்கொள்ள, அத்தை இடது கையால் ஒவ்வொரு தண்டாகச் செருகினார். நெடுநேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஞாயிறு விடியற்காலை ஆராதனையில் யோவான் 20 வாசிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மரியாள், உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரன் என்று எண்ணிய பகுதி. அத்தை என் கையைத் தட்டி, "தோட்டக்காரர்" என்று தெளிவாகச் சொன்னார்.

சபைகளில் பூப் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளே, உங்களோடு முன்பு பூ அடுக்கி இப்போது வீட்டில் முடங்கிக் கிடப்பவர்கள் யாராவது இருந்தால், இந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்யுங்கள். போக்குவரத்து ஏற்பாட்டை நீங்களே செய்துகொடுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு அதற்கான தெம்பு இருக்காது. சக்கர நாற்காலி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பூவை மட்டும் அவர்கள் கையால் வைக்க விடுங்கள்.